கிறிபித் ஜோன்ஸும் தாய்மொழிக் கல்வியும்: ஒரு மறுநோக்கு

தாய்மொழிக் கல்வியின் வரலாறு பேசப்படுமிடங்களில் வேல்ஸ் நாட்டு மதகுருவான கிறிபித் ஜோன்ஸின் (1684–1761) பெயர் தவறாது இடம்பெறும். அவரைப் புகழ்வோர் இரு சாரார். சமய வரலாறு எழுதுவோர் வேல்ஸில் எழுந்த மெதடிஸ்த மறுமலர்ச்சிக்கு அவரை விடிவெள்ளி என்பர். மொழிப்பற்றுடையோர் அழிந்துபோகவிருந்த வெல்ஷ் மொழியைக் காத்த வள்ளல் என்பர். இவ்விரு சாராரும் ஒரு விடயத்தில் ஒன்றுபடுகின்றனர். விளைந்த பயன் யாதோ அதுவே அவர் கருதிய நோக்கமும் என இருவரும் கொண்டுவிடுகின்றனர். மனிதரின் நோக்கமும் அவர்தம் செயலின் விளைவும் வரலாற்றில் ஒரே வழியிற் செல்வது அரிது. கிறிபித் ஜோன்ஸ் மொழியைக் காக்கப் புறப்பட்டவர் அல்லர்; மக்களை உயர்த்தப் புறப்பட்டவரும் அல்லர். அவர் கருதியது ஆன்மாக்களின் இரட்சிப்பு ஒன்றையே. அக்குறுகிய நோக்கிலிருந்தே அவரது வெற்றியும் பிறந்தது, அவரது குறையும் பிறந்தது. மூன்று தசாப்தங்களில் ஒரு நாட்டு மக்களை வாசிக்கவைத்த அவர், அவர்களுக்கு எழுதக் கற்பிக்கவில்லை. இவ்விரண்டையும் ஒருசேர நோக்கினாலன்றி அவரை அளவிடல் இயலாது என்பதே இக்கட்டுரையின் துணிபு.

முதலிற் பின்னணி. 1536ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் வேல்ஸ் இங்கிலாந்துடன் இணைக்கப்பட்டபோது நீதிக்கும் நிருவாகத்துக்கும் உரிய மொழியாக ஆங்கிலம் விதிக்கப்பட்டது. நிலவுடைமையாளர் மெல்லமெல்ல ஆங்கிலத்துக்கு மாறினர். குடியானவர் வெல்ஷ் தவிர வேறு மொழி அறியாதிருந்தனர். எனினும் அரசு தன் கையாலேயே ஒரு வாயிலைத் திறந்துவைத்தது. மக்கள் புரட்டஸ்தாந்து மதத்தில் நிலைக்கவேண்டுமாயின் அவர்களுக்கு விளங்கும் மொழியில் வேதாகமம் இருத்தல் வேண்டும் என்ற தேவை காரணமாக, வில்லியம் மோர்கன் மொழிபெயர்த்த வெல்ஷ் வேதாகமம் 1588இல் வெளிவந்தது. நீதிமன்றத்தினின்று நீக்கப்பட்ட மொழி தேவாலயத்தில் ஆட்சி செய்தது. ஆனால் அவ்வாட்சி செவிவழிப்பட்டது. குரு வாசிக்க மக்கள் கேட்டனர். அவர்களுள் வாசிக்க வல்லார் மிகச் சிலரே.

இக்குறையை நீக்கத் தரும பாடசாலைகள் முன்னரும் தோன்றாமல் இல்லை. 1674 முதல் தோமஸ் கௌஜ் என்பாரின் முயற்சியாலும், நூற்றாண்டின் இறுதியில் இலண்டனில் எழுந்த கிறிஸ்தவ அறிவைப் பரப்புவதற்கான சங்கத்தின் முயற்சியாலும் வேல்ஸிற் பல பாடசாலைகள் நிறுவப்பட்டன. அவற்றுட் பெரும்பாலானவை ஆங்கிலத்திற் கற்பித்தன. வீட்டிலும் வயலிலும் ஒரு சொல்லேனும் ஆங்கிலம் கேளாத சிறுவன் முதலில் அம்மொழியைக் கற்று, பின்னர் அதன் எழுத்தைக் கற்று, அதன்பின் வேதத்தை விளங்கிக்கொள்ளல் வேண்டும். அதற்கு ஆண்டுகள் பல செல்லும். அத்தனை ஆண்டுகள் பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்ப ஏழைக் குடியானவனால் இயலாது. நடைமுறையில், எழுத்துக்களை உச்சரிக்கப் பழகிய நிலையிற் பிள்ளை மீண்டும் ஆடு மேய்க்கப் போய்விடும்.

கிறிபித் ஜோன்ஸும் இளமையில் ஆடு மேய்த்தவரே. கார்மாதன் கோட்டத்திற் பிறந்து, கார்மாதன் நகர இலக்கணப் பாடசாலையிற் கற்று, 1708இல் அங்கிலிக்கன் திருச்சபையின் குருத்துவப் பணியில் நுழைந்தார். லார்ண் என்னும் கரையோர ஊரில் உதவிக்குருவாயிருந்தபோது மேற்கூறிய சங்கத்தின் பாடசாலையிற் கற்பித்தமையால், அம்முறையின் வலுவையும் வலுவின்மையையும் அவர் நேரில் அறிந்திருந்தார். 1716இல், பெருநிலக்கிழாரும் அச்சங்கத்தின் தூண்களுள் ஒருவருமான சேர் ஜோன் பிலிப்ஸ் அவரை லாந்தௌரோர் என்ற சிறு கோயிற்பற்றுக்குக் குருவாக்கினார். இறக்கும்வரை அவர் அக்கோயிற்பற்றின் குருவாகவே இருந்தார். 1720இல் அவர் மணந்ததும் பிலிப்ஸின் உடன்பிறந்தவர்களுள் ஒருவரையே. அவர் செய்த பணி முழுவதும் இத்தகைய கனவான்களின் ஆதரவில் தங்கியிருந்தது என்பது பின்னர் எடுத்துக்கொள்ளவிருக்கும் பொருளுக்கு இன்றியமையாதது.

அவர் பெரும் பிரசங்கி. தேவாலயத்தினுள் இடம்போதாமற் கல்லறை வளவில் நின்று பேசினார். பிற குருமாரின் கோயிற்பற்றுகளுக்கும் சென்று பேசினார். இதனால் அயற் குருமார் சினங்கொண்டனர். 1714இல் அவர்மீது கொண்டுவரப்பட்ட முறைப்பாடுகளுக்கு அத்தியட்சர் அடம் ஒற்லி முன்னிலையில் அவர் பதிலளிக்க நேர்ந்தது.

இதே காலத்தில் நிகழ்ந்த ஒன்று தமிழ் வாசகரின் கருத்தைக் கவரத்தக்கது. 1713 அளவிற் கிறிபித் ஜோன்ஸைத் தரங்கம்பாடிக்கு மிசனரியாக அனுப்புவது பற்றிச் சங்கம் ஆலோசித்தது. அவரும் அதனைச் சில காலம் எண்ணிப் பார்த்தார். ஈற்றில், தம் நாட்டு மக்களின் அறியாமையே தமது முதற் கடன் எனக் கொண்டு அங்கேயே தங்கிவிட்டார். தரங்கம்பாடியிற் சீகன்பால்க் 1706 முதல் தமிழ் கற்று, தமிழ்ப் பாடசாலை நிறுவி, புதிய ஏற்பாட்டைத் தமிழில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். அதனை அச்சிட உதவிய அச்சுப்பொறியை இலண்டனிலிருந்து அனுப்பியதும் இதே சங்கமே. வெல்ஷ் வேதாகமத்தின் படிகளும் தமிழ்ப் புதிய ஏற்பாட்டுக்கான அச்சுப்பொறியும் ஒரே அலுவலகத்தின் கணக்குகளில் இடம்பெற்றன. ‘அவர் வந்திருந்தால்’ எனக் கற்பனை செய்வது வரலாற்று மாணவனுக்கு அழகன்று. ஆயினும் சங்கத்தாரின் பார்வையில் வேல்ஸ் குடியானவனும் தரங்கம்பாடித் தமிழனும் ஏறக்குறைய ஒரே வரிசையில் நின்றனர் என்பது இதனாற் புலனாகின்றது. அவரவர் மொழியில் எட்டப்படவேண்டிய ஆன்மாக்கள் என்பதே அவ்வரிசை.

பாடசாலைகளின் தோற்றம் பற்றி அவரே தரும் செய்தி, அவரது எழுத்துக்களில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. லாந்தௌரோரில் மாதந்தோறும் திருவிருந்து நடைபெறும். அன்று சேரும் காணிக்கைப் பணத்திற்கு அப்பம் வாங்கி ஏழைகளுக்குப் பகிர்வது வழக்கம். அப்பம் பெற வரிசையில் நிற்போரிடம் குரு சமயம் பற்றிய எளிய வினாக்கள் சிலவற்றைக் கேட்கத் தொடங்கினார். அப்பத்துக்காக நிற்பவன் விடை சொல்லியே ஆகவேண்டும். வாசிக்கத் தெரியாதவன் வினாவிடையைப் பாடமாக்க முடியாது; ஆகவே வெட்கி நின்றான். எவருக்கு அறிவுரை மிகுதியும் வேண்டியிருந்ததோ அவர்களே வெட்கத்தால் ஒதுங்கினர். இவ்வெட்கத்தை நீக்க வழி யாதெனத் தேடியதன் விளைவே பாடசாலை. 1731இல், லாந்தௌரோரில் வெல்ஷ் மொழிப் பாடசாலை ஒன்றுக்காக வேதாகமங்களை வேண்டிச் சங்கத்துக்கு அவர் கடிதம் எழுதினார்.

அப்பத்துக்காக நின்றவனிடம் வேதம் கேட்ட செயலை நாம் எளிதிற் கண்டிக்கலாம். உணவையும் மதத்தையும் பிணைத்த மிசனரி முறைகளைப் பற்றி நமது நாட்டிற் போதுமான அளவு எழுதப்பட்டுள்ளது. ஆயினும் இங்கு நோக்கவேண்டியது பிறிதொன்று. கேட்டவர் தாம் கேட்ட வினாவின் தோல்வியைக் கண்டு கேட்கும் முறையையே மாற்றினார். அறியாமைக்காக ஏழையைப் பழித்துவிட்டு அமையவில்லை. இவ்வளவிலேனும் அவர் தம் காலத்துக் குருமார் பலரினும் வேறுபட்டவர்.

அவர் வகுத்த முறை எளிமையானது. செப்டம்பர் தொடக்கம் மே வரையிலான காலத்தில், வயல் வேலை குறைந்திருக்கும்போது, ஓர் ஊருக்கு ஓர் ஆசிரியர் அனுப்பப்படுவார். தேவாலயம், களஞ்சியம், குடிசை என இடம் எதுவாயினும் ஆகும். ஏறத்தாழ மூன்று மாதங்கள் அங்கே வாசிக்கக் கற்பித்த பின்னர் ஆசிரியர் அடுத்த ஊருக்குச் செல்வார். வேண்டுமாயின் மறு பருவத்தில் மீண்டும் வருவார். பகலில் வரவியலாத வேலையாட்களுக்கு இரவில் வகுப்பு நடைபெறும். கட்டணம் இல்லை. பாடநூல் வேதாகமமும் வினாவிடையும். ஆசிரியர்கள் லாந்தௌரோரிற் சில வாரங்கள் பயிற்றப்பட்டனர். அப்பயிற்சி இல்லத்தை மக்கள் பிற்காலத்திற் ‘பழைய கல்லூரி’ என அழைத்தனர். அவர்கள் பெற்ற வேதனம் ஆண்டுக்கு மூன்று நான்கு பவுண் மட்டுமே. ஊர்விட்டு ஊர் சென்றதால் இவை ‘சுற்றுப் பாடசாலைகள்’ எனப்பட்டன.

மூன்று மாதத்தில் வாசிக்கக் கற்பித்தல் எங்ஙனம் இயன்றது? விடை ஆசிரியரின் திறமையில் மட்டும் இல்லை. வெல்ஷ் மொழியில் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பு பெரும்பாலும் ஒழுங்கானது. எழுத்தறிந்தவன் எச்சொல்லையும் வாசிக்கலாம். வாசித்த சொல் அவன் நாள்தோறும் பேசும் சொல்லாகவே இருக்கும். தமிழ் அரிச்சுவடி பயின்ற நமக்கு இது புதுமையன்று. ஆங்கிலத்தின் எழுத்துக்கூட்டலோடு மல்லாடியவர் எவரும் இவ்வேறுபாட்டின் அளவை உணர்வர். கல்வியியலார் பிற்காலத்தில் நிறுவிய கொள்கையைக் கிறிபித் ஜோன்ஸ் செலவுக் கணக்கிலிருந்தே கண்டுபிடித்தார் எனலாம். ஓர் ஏழையின் கையில் மூன்று மாத ஓய்வு உண்டு. அம்மூன்று மாதத்துள் எம்மொழியில் வாசிக்கவைக்க முடியும்? அவரது வாதத்தின் அடித்தளம் இதுவே.

வந்தவர்களுட் சிறுவர் மட்டுமல்லர், முதியோரும் இருந்தனர். பெரும்பாலான பாடசாலைகளிற் கற்றோரில் மூன்றிலிரு பங்கினர் வளர்ந்தவர்களே என அவர் குறிக்கின்றார். முதியோர் கல்வி என்ற பெயர் தோன்றுவதற்கு முன்னரே அது அங்கு நடைபெற்றுக்கொண்டிருந்தது. வாழ்நாள் முழுதும் செவியால் மட்டும் கேட்ட நூலை அறுபது வயதில் தன் கண்ணாற் கண்டு எழுத்துக்கூட்டிய கிழவியின் நிலையை எண்ணிப்பார்க்கையில், கற்பித்தவரின் நோக்கத்தை ஆராயும் நம் திறனாய்வு சற்றுச் சிறுத்தே தோன்றுகின்றது.

இனி மூலங்களுக்கு வருவோம். இப்பாடசாலைகள் பற்றி நாம் அறிவனவற்றுட் பெரும்பகுதி ‘வெல்ஷ் பயற்றி’, அதாவது ‘வேல்ஸ் மக்களின் பக்தி’, என்ற பெயரில் ஏறத்தாழ 1738 தொடக்கம் ஆண்டுதோறும் அவர் வெளியிட்ட அறிக்கையிலிருந்து பெறப்பட்டது. அவ்வறிக்கையை ஒரு நூலாக வைத்து ஆராய்ந்தோர் குறைவு. புள்ளிவிபரம் எடுத்துக்கொண்டு மூடிவைத்தோரே அதிகம். அதன் அமைப்பைக் கவனித்தல் வேண்டும். நண்பருக்கு எழுதிய கடிதம் போன்ற முகவுரை, அயற் கோயிற்பற்றுக் குருமார் எழுதிய நற்சான்றுக் கடிதங்கள், ஊர்வாரியாகப் பாடசாலைகளினதும் மாணவரினதும் தொகை என்பன அதன் உறுப்புகள். முதலாவது அறிக்கை 37 பாடசாலைகளையும் ஏறத்தாழ 2,400 மாணவரையும் குறிக்கின்றது. அவர் இறந்தபோது மொத்தத்தொகை 3,300 பாடசாலைகளையும் ஒன்றரை இலட்சம் மாணவரையும் தாண்டியிருந்தது. அக்கால வேல்ஸின் சனத்தொகை ஐந்து இலட்சத்துக்கும் குறைவு என்பதை நினைத்தால் இத்தொகையின் பருமன் விளங்கும்.

இத்தொகையை அப்படியே ஏற்கலாமா? ஒரே ஊரில் மீண்டும் பாடசாலை நடந்தபோது முன்னர் வந்தவரே திரும்பவும் எண்ணப்பட்டிருக்கக்கூடும். மறுபுறம், இரவு வகுப்புக்கு வந்தோர் பலர் எண்ணப்படவேயில்லை. ஆகவே ‘ஒன்றரை இலட்சம் பேர்’ என்பதனை ஒன்றரை இலட்சம் தனியாட்கள் எனக் கொள்வது தவறு. பொய்க்கணக்கு என ஒதுக்குவது அதனினும் தவறு. சான்றுக் கடிதங்களும் அத்தகையனவே. பாடசாலை வந்த பின் ஊரிற் குடியும் சூதும் குறைந்தன, ஓய்வுநாள் தூய்மையாயிற்று என்று ஒரே குரலில் அவை பேசுகின்றன. நன்கொடை வேண்டும் அறிக்கையில் வேறெதனை எதிர்பார்க்க முடியும்?

அவ்வறிக்கை பற்றிய முக்கியமான உண்மை ஒன்றுண்டு. வெல்ஷ் மொழிக்காக வாதாடும் அந்நூல் ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. அதன் வாசகர் இலண்டனிலும் பாத் நகரிலும் வாழ்ந்த செல்வர்கள். வெல்ஷிற் பாடசாலை நடத்தினால் அம்மொழி நிலைத்துவிடுமே, இராச்சியத்தின் ஒருமைக்கு அது ஊறாகாதா என்பதே அவர்களது ஐயம். அதனைத் தீர்த்தல் அவரது தொழில். எனவே அவர் முன்வைத்த காரணங்களைப் படிக்கும்போது, அவை எவரது செவிக்காகச் சொல்லப்பட்டன என்ற வினாவும் உடன்வருதல் வேண்டும்.

அக்காரணங்களுட் சில இன்றும் மறுக்கவியலாதன. மக்கள் அறிந்த மொழியிற் கற்பித்தல் விரைவானது, செலவு குறைந்தது. இறந்துகொண்டிருக்கும் தலைமுறை ஆங்கிலம் கற்கும்வரை மரணம் காத்திராது. முதலில் தாய்மொழியில் வாசிக்கக் கற்றவன் விரும்பினாற் பின்னர் ஆங்கிலத்தையும் எளிதிற் கற்பான். வெல்ஷ் மொழியின் தொன்மையையும் தூய்மையையும் பற்றி அவர் பேசும் பகுதிகளில் உண்மையான பெருமிதமும் உண்டு. அவரை வெறும் கருவிவாதி எனக் கூறுவோர் அப்பக்கங்களைப் படியாதவர்.

ஆனால் வேறு காரணங்களும் உள. ஆங்கிலத்தில் மலிந்த நாத்திகமும் ஒழுக்கக்கேடான நூல்களும் வேல்ஸ் ஏழையை எட்டாது தடுக்கும் மதிலாக வெல்ஷ் மொழி இருக்கின்றது என்கிறார். ஆங்கிலம் கற்ற ஏழை தன் நிலையில் மனநிறைவு கொள்ளான். கலப்பையை விட்டு நகரங்களுக்குச் செல்வான். நிலத்துக்கு வேலையாள் கிடையான் எனவும் எச்சரிக்கின்றார். இத்தருமத்தின் நோக்கம் ஏழைகளைக் கனவான்களாக்குவதன்று, கிறிஸ்தவர்களாக்குவதே என்ற கருத்தை அவர் ஒளிவுமறைவின்றிக் கூறினார். நிலக்கிழாருக்கு இதனினும் இனிய செய்தி வேறில்லை. தாய்மொழி இங்கு ஏணியாகக் காட்டப்படவில்லை, வேலியாகவே காட்டப்படுகின்றது.

எழுத்தும் எண்ணும் கற்பிக்கப்படாமைக்குக் காரணமும் இங்குதான் உள்ளது. அவருக்காக வாதாடுவோர், மூன்று மாதத்தில் எல்லாவற்றையும் கற்பித்தல் இயலாது, எழுதுவதற்குத் தாளும் மையும் மேசையும் வேண்டும், மூன்று பவுண் பெறும் ஆசிரியரிடம் எத்தனையை எதிர்பார்ப்பது என்பர். இதில் உண்மை உண்டு. அக்காலத் தரும பாடசாலைகள் பலவற்றில் எழுத்து இரண்டாம் நிலையிலேயே வைக்கப்பட்டது. ஆனால் அவரது கூற்றுக்கள் பொருளாதாரத்துடன் நின்றுவிடவில்லை. எழுத்தும் கணிதமும் ஏழைக்கு அவசியமற்றவை என்பது அவரது கொள்கையும் ஆகும். வாசிப்பவன் பிறர் சொல்வதைப் பெறுகின்றான். எழுதுபவன் தான் சொல்வதைப் பிறருக்கு அனுப்புகின்றான். முதலாவதை வழங்கி இரண்டாவதை நிறுத்திவைத்த கல்வி, கேட்கும் குடிமக்களை உருவாக்கும் கல்வியே. பிரித்தானியர் காலத்து இலங்கையிற் கட்டணஞ் செலுத்த வல்லார்க்கு ஆங்கிலப் பாடசாலையும் ஏனையோர்க்குச் சுயமொழிப் பாடசாலையும் இருந்த நிலையை அறிந்தவர்க்கு, தாய்மொழி என்பது தன்னளவில் விடுதலையும் அன்று, விலங்கும் அன்று என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இவ்வளவில் நிறுத்தி அவர்மீது தீர்ப்புக் கூறிவிடுவது எளிது. இன்று பலர் அவ்வாறே செய்வர். ஆனால் வாசிக்கும் ஆற்றல் என்பது கொடுத்தவரின் நிபந்தனைக்குள் அடங்கிக் கிடப்பதில்லை. அவரது வாழ்நாளிலேயே அது கைமீறத் தொடங்கிற்று. 1735 அளவில் அவரது பிரசங்கத்தாற் கவரப்பட்ட டானியல் றோலண்டும், ஹவல் ஹாரிஸ் போன்ற ஏனைய இளைஞரும் வேல்ஸ் எங்கும் மெதடிஸ்த எழுச்சியை உண்டாக்கினர். திருச்சபையின் ஒழுங்கை மீறாதவரான கிறிபித் ஜோன்ஸ் அவர்களது மிகையார்வத்தைக் கண்டு கவலையுற்றார். வெளிப்படையாக அவர்களோடு சேரவில்லை. ஆயினும் அவரது ஆசிரியர்களுட் பலர் அவர்களைச் சார்ந்தோரே. 1752இல் அயற் கோயிற்பற்றான எக்லுவிஸ் கம்மினின் குரு ஜோன் எவான்ஸ், இப்பாடசாலைகள் மெதடிஸத்தைப் பரப்பும் கருவிகள் எனக் குற்றஞ்சாட்டி ஒரு நூலே வெளியிட்டார். பகைமை நிறைந்த அந்நூல் உண்மையொன்றைக் கண்டுகொண்டது என்றே கருதுகின்றேன். வாசிக்கத் தெரிந்த குடியானவன் தானே வேதத்தைப் பொருள்கொள்வான்; குருவின் பிரசங்கத்தை நூலோடு ஒப்பிடுவான்; கூட்டம் கூடுவான். வேல்ஸ் மெதடிஸ்தர் 1811இல் அங்கிலிக்கன் திருச்சபையினின்று பிரிந்து சென்றனர். அத்திருச்சபையை உறுதிப்படுத்தத் தொடங்கப்பட்ட பாடசாலைகள் அதனைவிட்டு வெளியேறுவோரை ஆக்கின.

மொழிக்கு விளைந்த பயனை ஓர் ஒப்பீட்டால் விளக்கலாம். ஸ்கொத்லாந்தின் மலைநாட்டில் 1709இல் நிறுவப்பட்ட ஒரு சங்கமும் தரும பாடசாலைகளை நடத்திற்று. அது நெடுங்காலம் கேலிக் மொழியை ஒதுக்கி ஆங்கிலத்திலேயே கற்பித்தது. ஸ்கொத்லாந்துக் கேலிக்கிற் புதிய ஏற்பாடு 1767இலேயே வெளிவந்தது. வேல்ஸிலோ சங்கம் 1746இல் மட்டும் 15,000 வெல்ஷ் வேதாகமங்களை அச்சிட்டது. அவற்றை வாங்க வாசகர் காத்திருந்தனர். ஒரே தீவில் வாழ்ந்த இரு மொழிகளுள் ஒன்று அச்சுக்குரிய வாசகர் கூட்டத்தைப் பெற்றது, மற்றது பெறவில்லை. 2021ஆம் ஆண்டுக் குடிசனமதிப்பீட்டில் வேல்ஸ் மக்களுள் நூற்றுக்கு 17.8 வீதத்தினர், ஏறத்தாழ 538,000 பேர், வெல்ஷ் பேசுவோராகப் பதிவாகினர். ஸ்கொத்லாந்திற் கேலிக் பேசுவோர் நூற்றுக்கு இருவருக்கும் குறைவு. மலைநாட்டுக் குடிகள் நிலத்தினின்று வெளியேற்றப்பட்டமை முதலிய காரணங்களும் இதற்கு உண்டாகையால் முழுப் பொறுப்பையும் பாடசாலையின்மீது சுமத்தலாகாது. ஆயினும் வில்லியம் வில்லியம்ஸ் பன்டகெலினின் பாடல்களை வாங்கிப் படித்த உழவனும், 1800ஆம் ஆண்டில் ஒரு வேதாகமத்துக்காக இருபத்தைந்து மைல் நடந்து பாலா என்னும் ஊரில் தோமஸ் சார்ள்ஸை அடைந்த ஏழைப் பெண் மேரி ஜோன்ஸும் சுற்றுப் பாடசாலை உருவாக்கிய உலகின் மக்களே. அப்பாடசாலைகள் பற்றி ருஷ்யப் பேரரசி இரண்டாம் கதரின் 1764இல் அறிக்கை பெற்றார் என்பர். அதனைப் பெரிதாக எடுத்துக்காட்டுவோர் உளர். ஏழைப்பெண்ணின் நடையே எனக்குப் பெரிதாகத் தோன்றுகின்றது.

ஆதரவாளரிற் சார்ந்திருந்ததன் விலையை அவரது மரணத்தின் பின்னர் பாடசாலைகள் செலுத்தின. 1761 ஏப்ரிலில் லார்ணில் உள்ள பெவன் சீமாட்டியின் இல்லத்தில் அவர் காலமானார். பல்லாண்டுகளாகப் பாடசாலைகளைத் தாங்கிய பிறிஜற் பெவன் என்ற அம்மாது, அதன்பின் அவற்றைத் தாமே நடத்தினார். அவர் வெறும் கொடையாளி அல்லர், தேர்ந்த நிருவாகி. கிறிபித் ஜோன்ஸைப் பற்றிய கட்டுரைகளில் அவருக்கு ஒரு வரியே ஒதுக்கப்படுவது நியாயமன்று. 1779இல் இறந்தபோது பாடசாலைகளுக்காகப் பத்தாயிரம் பவுணை எழுதிவைத்தார். உறவினர் அம்மரணசாதனத்தை எதிர்த்தனர். பணம் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இலண்டன் சான்சரி நீதிமன்றத்தில் முடங்கிக் கிடந்தது, பாடசாலைகள் நின்றன. ஒரு நாட்டு மக்களின் எழுத்தறிவு ஒரு மரணசாதனத்தில் தொங்கிய நிலை அது. வெற்றிடத்தை நிரப்பியது தோமஸ் சார்ள்ஸ் வளர்த்த ஞாயிறு பாடசாலை இயக்கம். அங்கே கற்பித்தோர் சம்பளம் பெறாத உழவரும் தொழிலாளருமே. சீமாட்டியின் பணம் இல்லாமலும் அது நடந்தது.

இவ்வரலாற்றில் இன்னும் ஒரு காட்சி உண்டு. வேல்ஸின் கல்வி நிலையை ஆராய்ந்த ஆணையாளர் மூவரின் அறிக்கை 1847இல் வெளிவந்தது. மூவரும் ஆங்கிலேயர், வெல்ஷ் அறியாதவர். நீல உறையுடைய அத்தொகுதிகளை வேல்ஸ் மக்கள் ‘நீலப் புத்தகங்களின் துரோகம்’ என இன்றும் நினைவுகூர்வர். ஞாயிறு பாடசாலைகளில் மக்கள் நுண்ணிய இறையியல் வாதங்களைத் தம் மொழியில் நடத்துவதை ஆணையாளர் கண்டனர்; உலகியல் அறிவில் அவர்கள் பின்தங்கியிருப்பதையும் கண்டனர். அவர்களுள் ஒருவரான லிங்கன், வெல்ஷ் மொழி தன்னைப் பேசுவோனைச் சமூகத்தின் கீழ்த்தளத்திலேயே அடைத்துவைக்கின்றது. வயலிலாயினும் ஆலையிலாயினும் அவன் மேலேற முடிவதில்லை எனக் குறைகூறினார். நூறாண்டுகளுக்கு முன் கிறிபித் ஜோன்ஸ் தம் நன்கொடையாளருக்கு உறுதியளித்ததும் இதுவே. அவர் அதனை நன்மையெனக் காட்டிப் பணம் கேட்டார். லிங்கன் அதனைக் குற்றமெனக் காட்டி மொழியையே அகற்றவேண்டும் என்றார். இருவரும் கண்டது ஒரே நிலையை. அந்நிலையின் ஒரு பகுதி எழுத்தும் எண்ணும் கற்பியாத கல்வியால் விளைந்தது என்பதை லிங்கன் காணவில்லை. பழி முழுவதும் மொழியின்மேல் விழுந்தது.

அறிக்கைக்கு எதிராக எழுந்த கண்டனம் வேல்ஸ் முழுவதும் பரவிற்று. வெல்ஷ்ச் சஞ்சிகைகள் அதனை வீடுதோறும் கொண்டுசென்றன. வாசிக்க அங்கே ஆட்கள் இருந்தனர். ஆயினும் ‘இயுவான் க்வினெத்’ என்ற புனைபெயர்கொண்ட எவான் ஜோன்ஸ் ஆணையாளருக்கு நேரே விடையிறுக்க முனைந்தபோது ஆங்கிலத்திலேயே எழுதவேண்டியவரானார். இலண்டனிற் பணமும் அதிகாரமும் வைத்திருந்தோர் வேறு மொழி வாசிப்பாரல்லர் என்பதை ‘வெல்ஷ் பயற்றி’யின் ஆசிரியரும் அறிந்தே இருந்தார்.